வண்டி திரும்பி வந்த காலை

மதினி,

இன்று காலை நான் போன பஸ் வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. தண்ணீர் கேட்டு மறியல். எரிகிற டயர் நாற்றம் ஜன்னல் வழியே மூஞ்சியில் அடித்தது. பக்கத்தில் இருந்த பெரியவர், "வயிறு காஞ்சா சனம் இப்படித்தான் கெளம்பும்" என்றார். எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. வயிறு காய்ந்த காலத்தில் நாம் எங்கே கிளம்பினோம்?

மழை பொய்த்த அந்த வருஷங்களில், விடியுமுன் கரிசல் காட்டில் நடந்துதான் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போனோம். தூக்குவாளியில் கூழ். பிந்திப் போனால் கேட்டை மூடிவிடுவார்கள், அன்றைக்கு வேலை இல்லை. பேசாமல் திரும்பி நடப்போம். ஒருத்தியும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அப்புறம் ஆர்டர் குவிந்தது. ஆள் பிடிக்கக் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு ஊருக்குள் வண்டி விட்டன. வீட்டுக்கு வீடு டிவி வந்தது. நீங்கள் கூரையைப் பிரித்து ஓடு போட்டீர்கள். படுக்கையில் விழுந்துவிட்ட அண்ணனுக்கு மருந்து, இரண்டு பெண்பிள்ளைகளுக்குப் படிப்பு, எல்லாமே நீங்கள் சரவெடி பின்னிய காசு. மூத்தவளை டீச்சராக்கிப் பார்க்க வேண்டும் என்று வாய் ஓயாமல் சொல்வீர்கள்.

நல்லாப் போய்க்கொண்டிருந்த ஒரு சீசனில், டீசல் செலவு கட்டுப்படியாகவில்லை என்று நம் ஊர் வண்டியை மட்டும் நிறுத்தினார்கள். நடந்து போய்ச் சேர்வதற்குள் கேட் மூடியிருந்தது. மறுநாளும் அதே கதை. நீங்கள் கேட்டுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தீர்கள். பின்னாலேயே நாங்கள் எல்லோரும் உட்கார்ந்தோம்.

சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே வந்தார். "முன்ன நடந்துதான வந்தீக? அப்ப நோகாத காலு இப்ப நோகுதாக்கும்?"

"அப்ப எங்க தலையெழுத்துன்னு நடந்தோம்" என்றீர்கள். "இப்ப எங்கள நடக்க விடுறது நீங்கதான்னு தெரியுதுல்ல."

பஸ்ஸில் அந்தப் பெரியவருக்கு இதைச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெம்பில்லை, மதினி.

சரக்கு அனுப்ப முடியாமல் திணறிய பிறகு கம்பெனி இறங்கி வந்தது. ஒரு காலையில் ஊருக்குள் வண்டி வந்து நின்றது. ஆனால் உங்களை மட்டும் ஏற்றக் கூடாது என்று டிரைவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாங்கள் ஏறமாட்டோம் என்று நின்றோம். நீங்கள்தான் விரட்டினீர்கள். "ஏறுங்க புள்ளைகளா. சீசன விட்டா வருசம் பூரா என்னத்தத் திங்கப் போறீக?"

அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் உங்களைச் சேர்க்கவில்லை. விறகை மூடி எரிக்கிற கரிமூட்டத்தில் வேலை பார்த்து, அந்தப் புகையிலேயே நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

போராடி வண்டியை வாங்கினோம் என்று ஊரில் இன்னும் பெருமை பேசுகிறார்கள். நான் அந்தப் பேச்சில் கலந்துகொள்வதில்லை. வண்டி திரும்பி வந்த அன்றைக்கே உங்கள் இடத்தில் மூத்தவள் ஏறினாள், பிளஸ் டூவைப் பாதியில் விட்டுவிட்டு. பள்ளிக்கூடத் தாவணியோடுதான் வந்திருந்தாள். நான் நகர்ந்து இடம் கொடுத்தேன். கம்பெனி கண்ணுக்குத் தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, கேட்ட மூடியிருப்பாகளா? மூடியிருந்தா பள்ளிக்கூடத்துக்குப் போயிரலாம்ல?"

அந்தக் குரல் என்னை விட்டு இன்னும் போகவில்லை, மதினி.