மெழுகு சொன்ன பொய்

பிப்ரவரி 12

வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு முடித்தும் காதுக்குள் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு வாரமாக இதே கதை. கடைசிப் பருவத்தில் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும் என்பது கல்லூரியின் கட்டளை. எனக்கு வாய்த்தது வீட்டுத் தண்ணீர் பம்ப் செய்கிற இடம், அதிலும் சோதனை அறை. ஜன்னல் கிடையாது. ஓர் இரும்பு மேசை, அதன்மேல் பம்ப், அதைச் சுற்றி நாங்கள்.

அண்ணன் போனில் விழுந்து விழுந்து சிரித்தான். "பம்பு சத்தம் கேக்கத்தான் நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சியா, வாயாடி?"

சிரிப்பான், ஏன் சிரிக்க மாட்டான். அவன் வேலை பார்க்கிற மென்பொருள் நிறுவனம் என்னையும் தேர்ந்தெடுத்திருக்கிறது. சேருகிறேனா இல்லையா என்று ஏப்ரல் முடிவதற்குள் பதில் எழுத வேண்டும். நான் எந்த நாற்காலியில் உட்காரலாம் என்பதைக்கூட அவன் பார்த்து வைத்துவிட்டான். "கண்ணை மூடிக்கிட்டு சரின்னு எழுது" என்கிறான்.

உண்மையைச் சொல்கிறேன், இங்கே யார் படிக்கப் போகிறார்கள். எனக்கு இயந்திரம் பிடிக்கிறதா, அல்லது தேர்வில் மதிப்பெண் வாங்கத்தான் பிடித்ததா? தெரியவில்லை. அது தெரியாமல் எந்தப் பக்கம் கையெழுத்துப் போடுவது?

பிப்ரவரி 19

எங்கள் பிரச்சினை இதுதான். புது மாடல் பம்ப் வாங்கியவர்கள், அது வீட்டில் உறுமுகிறது என்று திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சோதனை அறையில் வைத்து ஓட்டினால் பூனை மாதிரி சாதுவாக ஓடுகிறது. காரணம் கண்டுபிடிக்க வேண்டும்.

பம்பின் உடம்பில் விரல் நுனி அளவுள்ள ஒரு சென்சாரை ஒட்டுவோம். அதன் அதிர்வு கணினியில் கோடாக ஓடும்; உறுமல் போன்ற தடித்த சத்தத்துக்கு இடது பக்கம், கீச்சென்ற சத்தத்துக்கு வலது பக்கம். எந்த இடத்தில் கோடு எகிறுகிறதோ அங்கே ஏதோ கோளாறு. கல்லூரி ஆய்வகத்தில் பேராசிரியரின் ஆராய்ச்சிக்காக விடுமுறை முழுக்க இதைத்தான் செய்தேன். அதனால் சென்சார் ஒட்டும் வேலை எனக்கு. வருகிற எண்களை அலசுவது சோடாபுட்டிக்கு. என்னோடு பயிற்சிக்கு வந்திருக்கும் வகுப்புத் தோழன் அவன். கண்ணாடியைக் கழற்றினால் சுவரிடம் பேசுவான். ஆனால் கணக்கில் கில்லாடி.

எங்களை மேய்ப்பவர் இன்ஜினியரம்மா. அறையில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருந்தால் அதிகம். கோபம் வந்தால் பேச மாட்டார், பேனா மூடியைக் கடிப்பார்.

பிப்ரவரி 27

ஒன்றும் நடக்கவில்லை. சோடாபுட்டி என் டீயையும் சேர்த்துக் குடித்துவிட்டான்.

மார்ச் 6

கண்டுபிடித்துவிட்டேன்! நான்! நானேதான்!

இதுவரை எல்லாரும் பம்பைக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். இன்று நான் நிறுத்தவில்லை. சாப்பாட்டு நேரத்திலும் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். திரும்பி வந்தால், காலையில் இல்லாத இடத்தில் கோடு கம்பம் மாதிரி எழுந்து நிற்கிறது. பேரிங் தேய்கிறது. வேறு என்னவாக இருக்கும்? நாளை விடுமுறை, திங்கட்கிழமை மேலாளர் கூட்டத்தில் நானே சொல்லப் போகிறேன்.

"இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துடலாமே" என்றான் சோடாபுட்டி. பொறாமை.

மார்ச் 9

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சொன்னேன். எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, படம் காட்டி, பேரிங் பேரிங் என்று முழங்கினேன். மேலாளர் என்னை நம்பினார். அதுதான் கொடுமை. காலை வேலையையே நிறுத்தி, பம்புகளைப் பிரித்துப் பார்த்தார்கள். பேரிங் எல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தது.

இன்ஜினியரம்மா பேனா மூடியைக் கடிக்க ஆரம்பித்தார். அப்புறம் கேட்டார்: "சென்சாரை எதுல ஒட்டினே?"

"மெழுகுல, மேடம். காலேஜ்ல அப்படித்தான்…"

"காலேஜ்ல எவ்வளவு நேரம் ஓட்டுவீங்க?"

அவ்வளவுதான், எனக்குப் புரிந்துவிட்டது. கல்லூரியில் சில நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்திவிடுவோம், மெழுகு கல் மாதிரி இருக்கும். இங்கே பம்ப் சூடேறியது, மெழுகு இளகியது, சென்சார் ஆடியது. நான் பார்த்தது பம்பின் ஆட்டமே இல்லை. என் சென்சாரின் ஆட்டம். அதிலும் கோடு எழுந்தது கீச்சென்ற சத்தம் வரும் இடத்தில். புகார் சொன்னவர்கள் உறுமல் என்றார்கள். இதைக்கூடவா யோசிக்கவில்லை நான்? மூளையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டா சாப்பிடப் போனேன்?

மேலாளரிடம் இன்ஜினியரம்மா, "நானும் கேக்காம விட்டுட்டேன் சார்" என்று பாதிப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். அது இன்னும் அவமானமாக இருந்தது. பஸ்ஸில் அழுதேன். பக்கத்து இருக்கைப் பெண் என்னிடம் கைக்குட்டையை நீட்டினாள்.

மார்ச் 10

போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். மென்பொருள் நிறுவனத்துக்கு 'சம்மதம்' என்று எழுதினேன். அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை?

மார்ச் 13

எந்த முகத்தோடு உள்ளே போவது என்று வாசலில் நின்றேன். சோடாபுட்டி டீயோடு வந்தான். "இந்தா, அன்னிக்கு குடிச்சதுக்கு. உள்ள வா, ஒரு விஷயம் காட்டறேன்."

என் தவறான எண்களை அவன் அழிக்கவில்லை. சூடு ஏற ஏற அந்தப் பொய்க்கோடு கீச்சுப் பக்கத்திலிருந்து உறுமல் பக்கமாக இறங்கி வருவதை வரைந்து வைத்திருந்தான். "பாரு, எவ்வளவு அழகா பொய் சொல்லுது!" என்றான். அவனைப் பொறாமைக்காரன் என்று எழுதியதற்கு என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ள வேண்டும்.

மெழுகு எப்போது பொய் சொல்லத் தொடங்குகிறது என்று எனக்குப் பார்த்தாக வேண்டும் போல இருந்தது. யாரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் நாள் முழுக்க அதையே பார்த்தோம். ஒரு சென்சார் மெழுகில், ஒன்று திருகாணியில். மெழுகு புளுகும்போது திருகாணி கம்மென்று இருக்கிறது. சாயங்காலம்தான் கவனித்தேன், இன்று முழுக்க ஒருதடவைகூட அந்தக் கூட்டம் நினைவுக்கு வரவில்லை.

மார்ச் 20

அம்மா இரவுப் பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ், எப்போதும் அவசரம். அவளுடைய சீருடையை மடித்துக் கொடுத்தபடியே நான் மெழுகுக் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த கம்ப்யூட்டர் கம்பெனியில உனக்கு என்ன வேலை?" என்றாள்.

"அது… ஏதோ சோதனை மாதிரி…"

"ஏதோவா? மெழுகைப் பத்தி அரை மணி நேரமா மூச்சு விடாம பேசறே. அதைப் பத்தி ஒரு வரி சொல்லத் தெரியல உனக்கு."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். என்னைக் குழப்பிவிடுவதே இவளுக்கு வேலை.

மார்ச் 24

எழுதக் கை ஓடவில்லை. முறையாக எழுதுகிறேன்.

காலையில் திருகாணியை முறுக்கும்போது தோன்றியது. சென்சாரைப் பிடித்திருக்கும் மெழுகு பொய் சொல்லும் என்றால், பம்பைப் பிடித்திருக்கும் மேசை மட்டும் அரிச்சந்திரனா? எங்கள் மேசை கனத்த இரும்பு. பம்பை அதோடு போல்ட் போட்டு இறுக்கி வைக்கிறோம். எந்த வீட்டில் இப்படி ஒரு மேசை இருக்கிறது? மெல்லிய தகட்டு ஸ்டாண்டில்தானே வைப்பார்கள்!

சொல்லப் பயமாக இருந்தது. ஒருதடவை மூக்குடைபட்டது போதாதா? ஆனாலும் சொன்னேன். "மேடம், எனக்குத் தெரியல, தப்பாகூட இருக்கலாம். மேசையை விட்டு கீழ இறக்கி ஓட்டிப் பார்க்கலாமா?"

பேனா மூடி வாய்க்குப் போனது. பிறகு வெளியே வந்தது. "ஸ்டோர்ல பழைய தகட்டு ஸ்டாண்டு ஒண்ணு கிடக்கு, தூக்கிட்டு வாங்க."

வைத்தோம். ஸ்விட்சைப் போட்டேன்.

உறுமியது! அப்பாடா, எப்படி உறுமியது! திருகாணிச் சென்சாரும் சரியாக உறுமல் வரும் இடத்தில் கோட்டை எழுப்பிக் காட்டியது. சோடாபுட்டி குதித்ததில் கண்ணாடி பறந்தது. இன்ஜினியரம்மா, "ஐயோ, இத்தனை நாள் மேசையையா சோதிச்சிக்கிட்டிருந்தோம்!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். இந்தத் தடவை நான் துள்ளவில்லை. மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் உறுமியது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஏப்ரல் 17

பம்புக்கு அடியில் கனமான ரப்பர் கட்டைகள் போட முடிவாகிவிட்டது. ஸ்டாண்டில் வைத்தாலும் இனி சத்தம் அடங்கும்.

சோடாபுட்டி பேராசிரியரின் ஆராய்ச்சிக் குழுவில் சேரப் போகிறான். "எண்ணெய் வாடை எனக்கு ஆகல. ஆனா அந்தக் கோடு ஏன் இறங்குதுன்னு வருஷக்கணக்கா உட்கார்ந்து யோசிக்கச் சொல்லு, யோசிப்பேன்" என்றான். எனக்கு நேர்மாறு. ஒரே அறை, ஒரே பம்ப். அவனை ஒரு பக்கம் தள்ளியது, என்னை இன்னொரு பக்கம்.

இன்ஜினியரம்மா என்னிடம் சொன்னது: "ஒரு வருஷம் பயிற்சிப் பொறியாளரா இருக்கலாம். அதுக்கப்புறம் என்ன ஆகும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

ஏப்ரல் 29

மென்பொருள் நிறுவனத்துக்கு 'வரவில்லை, நன்றி' என்று எழுதி அனுப்பிவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டுதான் எழுதினேன்.

அண்ணன் போனை எடுக்கவில்லை.

மே 8

இன்னும் எடுக்கவில்லை. அம்மாவிடம் மட்டும் பேசுகிறான். பேசாட்டி போ.

செப்டம்பர் 20, ஞாயிறு

அண்ணனே கூப்பிட்டான். பின்னால் பயங்கரச் சத்தம்.

"வாயாடி, புதுசா ஒரு பம்பு வாங்கினேன். உறுமுது. இரு, கேளு." போனைப் பம்பின் பக்கத்தில் கொண்டுபோனான். கேட்டேன். அடடா, நம்ம ஆள்!

"அண்ணா, எதுமேல வச்சிருக்கே?"

"பலகை மேல. ஏன்?"

"கீழ தரையில வச்சு ஓட்டு."

முனகிக்கொண்டே இறக்கினான். சத்தம் அடங்கியது.

"எந்தக் கம்பெனி பம்பு?" என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

"உன் கம்பெனிதான். கடைக்காரன் பழைய ஸ்டாக்குதான் இருக்கு, வேற கம்பெனி காட்டட்டுமான்னான். நான்தான் இதையே குடுன்னேன்." தொண்டையைச் செருமினான். "சரி, கீழ வச்சா ஏன் நின்னுது? சொல்லு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை. முதலில் மெழுகிலிருந்து ஆரம்பித்தேன்.

நாளை சோதனை அறையில் மரப்பலகை மேல் வைத்தும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அண்ணனிடம் அந்தப் பலகையைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். தானே தூக்கிக்கொண்டு வருகிறானாம், அறையையும் பார்க்க வேண்டுமாம்.