காட்டுவதற்கு ஒரு குடும்பம்

ஏப்ரல் 5, சனி

புரோக்கர் அந்தோணிராஜ் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நடு ஹாலில் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, "வூடு டல்லடிக்குது மேடம்" என்றார்.

ட்யூப்லைட்டை எடுத்துவிட்டு மஞ்சள் பல்பு போட வேண்டுமாம். ஜன்னலுக்குப் புதுத் திரை. சுவருக்குச் சந்தன நிறம். பீரோவை உள்ளறைக்குத் தள்ளு, ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் மருந்து டப்பாக்களை ஒழி. சாமான் குறைந்தால் அறை பெரிதாகத் தெரியும் என்றார். அது சரிதான்.

கடைசியில் சுவரில் இருந்த என் வீட்டுக்காரர் படத்தைக் காட்டினார். மாலை போட்ட படம். "இத மட்டும் கயட்டி உள்ள வெச்சிருங்க. பாக்க வர்றவங்களுக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடும்."

சரி என்றேன். வேறென்ன சொல்ல? காருக்கு ஒயர் கட்டும் எங்கள் ஹார்னஸ் லைனை ஜூனில் மறைமலை நகர் யூனிட்டுக்கு மாற்றுகிறார்கள். இங்கே சேரப்பணஞ்சேரியிலிருந்து அங்கே கம்பெனி பஸ் கிடையாது. மகள் கனிஷ்காவையும் பதினொன்றாம் வகுப்புக்கு அங்கேயே சேர்த்துவிடலாம் என்று முடிவெடுத்தது நான்தான். ஆடி பிறந்துவிட்டால் வீடு வாங்க ஒருத்தரும் வரமாட்டார்கள்.

ஏப்ரல் 10, வியாழன்

பெயின்ட் வாடை. தலைவலி. படத்தைப் புடவையில் சுற்றி அலமாரியில் வைத்தேன். சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, கட்டம் கட்டினாற்போல் இருந்தது. அதன் மேலும் பெயின்ட் அடித்துவிட்டார்கள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

முதல் பார்ட்டி வந்தது. தண்டலத்தில் காலேஜ் ஆபீசில் வேலை பார்ப்பவர், அவர் மனைவி. அந்தம்மாவுக்குச் சமையலறை பிடித்துப்போயிற்று. மேடையில் கையை ஊன்றிக்கொண்டு, இங்கே மிக்ஸி, இங்கே குடம் என்று பேசிக்கொண்டே இருந்தார். டீ போட்டுக் கொடுத்தேன்.

"வூட்டுக்காரர் டூட்டிக்குப் போயிருக்காரா?"

"இல்லீங்க. அவர் தவறிட்டார். ரெண்டு வருஷமாச்சு. பைக் ஆக்சிடென்ட்."

அந்தக் கை மேடையிலிருந்து சட்டென்று விலகியது. சுட்டதுபோல. டீயைத் தொடவே இல்லை. வாஸ்து பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள்.

சாயங்காலம் புரோக்கர் போன். "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். வூடு வாங்கறவங்க ராசி பாப்பாங்க. அடுத்த தபா ஆளுங்க வர்றப்போ நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. சுமங்கலியா ரிலேஷன் யாராச்சும் கீறாங்களா?"

பல்பை மாற்று, திரையை மாற்று, என்னையும் மாற்று!

"பாக்கறேன்" என்று சொல்லித் தொலைத்தேன். ஏன் சொன்னேன்? போனை வைத்த பிறகு வாயில் அத்தனை கெட்ட வார்த்தையும் வந்தது. அப்போது வரவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. கனிஷ்காவுக்கு நாளை கடைசிப் பரீட்சை. பாயசம் வைத்தேன். குடிக்கப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

புரோக்கர் எனக்குச் சொன்னதை மாமாவுக்கும் சொல்லியிருக்கிறார். வெங்கடேசன் மாமா, என் வீட்டுக்காரருடைய அண்ணன். மனைவி ராஜாமணி அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எல்லாவற்றையும் அவர்களே பேசி முடித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா இங்கே வந்து வீட்டுக்காரி மாதிரி இருப்பார். மாமா வீட்டுக்காரரின் அண்ணனாகவே நின்று விலை பேசுவார். கனிஷ்கா அவர்களோடு இருக்கலாம், நான் மட்டும் எதிர்வீட்டு முனியம்மாள் அக்கா வீட்டில் இருக்க வேண்டும்.

"உன் நல்லதுக்குதாம்மா. வித்தாச்சுன்னா நீ உன் வழிய பாத்துனு போ" என்றார் மாமா.

ராஜாமணி அக்கா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பாவம், இவருக்கும் தர்மசங்கடம்தான் என்று நினைத்தேன். ஜூன், ஜூன் என்று மனசு அடித்துக்கொண்டது. ஒத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இதை எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

காலையிலேயே வந்துவிட்டார்கள். அக்கா பட்டுப் புடவை, தலை நிறைய மல்லிகை. தன் குத்துவிளக்கைக்கூடக் கொண்டுவந்திருந்தார். வாசலில் பெரிய கோலம், என் கோலமாவு. மாமா தன் சட்டைகள் நாலைக் கொடியில் காயப்போட்டார். ஆம்பளை செருப்பு ஒரு ஜோடி வாசலில். டிவி மேல் ஒரு ஹெல்மெட். ஆள் இருக்கிற வீடு என்று தெரிய வேண்டுமாம்.

நான் எதிர்வீட்டு ஜன்னலில் நின்று பார்த்தேன். என் வாசற்படியில் அக்கா சிரித்தபடி அவர்களை வரவேற்கிறார். என் டபராவில் காபி. கிளம்பும்போது வந்தவளுக்குக் குங்குமம், பூ. மாமாவைப் பார்த்து எதையோ சொல்லிச் சிரிக்கிறார், அவரும் சிரிக்கிறார். இருபது வருஷத்தில் அந்த இரண்டு பேரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

முனியம்மாள் அக்கா பின்னால் வந்து நின்றார். "இன்னாடி இது? உன் வூட்ல அவ குடித்தனம் பண்றா, நீ இங்க நின்னுகினு வேடிக்கை பாக்கற."



ஏப்ரல் 21, திங்கள்

பாத்ரூம் கண்ணாடியில் ராஜாமணி அக்காவின் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. பிய்த்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

தாம்பரத்திலிருந்து ஒரு குடும்பம். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தார்கள். வீடு பிடித்துவிட்டது, நல்ல நாள் பார்த்து டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கிறோம் என்று சொன்னார்களாம். மாமா ஸ்வீட் பாக்ஸோடு வந்து சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, அந்த நிமிஷம் இருந்தது.

கனிஷ்கா ஸ்வீட்டை எடுக்கவில்லை. ஏன்டி என்றேன்.

"அப்பா எங்கன்னு அந்த ஆன்ட்டி கேட்டாங்கம்மா. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுன்னு சொன்னேன்."

"யார் சொல்லச் சொன்னது?"

"பெரியப்பா. எந்தக் கம்பெனின்னு கேட்டாங்க. சொன்னேன். டூல் ரூம்னு சொன்னேன். ரொம்ப கோவக்காரரான்னு கேட்டாங்க. இல்ல ஆன்ட்டி, ஜோக்கடிச்சுனே இருப்பார்னு சொன்னேன்."

நான் எழுந்துவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியப்பாவ திட்டாதம்மா. சொல்றப்போ நல்லா இருந்துச்சு. நெஜமாவே வந்துருவார் மாதிரி இருந்துச்சு." அப்புறம்தான் அழுதாள்.

பதினைந்து வயசுப் பொண்ணு. அவரை எரித்த அன்று வாய் பேசாமல் இருந்தாள். மறுபடி சிரிக்க ஒரு வருஷம் ஆச்சு. அந்தப் பொண்ணு வாயால... படுபாவிங்களா! என் பொண்ணு என்ன, ஜன்னலுக்குத் தொங்கவிட்ட திரையா?

ஏப்ரல் 28, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. மாமாவை வரச் சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை.

"கனிஷ்காவ பொய் சொல்லச் சொன்னீங்களா?"

"இன்னாமா பெரிய பொய்யி? ஒரு பேச்சுக்கு சொல்றதுதான். வூடு விக்கணுமா, வேணாமா?"

"அவ அப்பா ஷிஃப்ட்டு முடிஞ்சு வருவாருன்னு அவளே சொல்லணுமா?"

"குரல ஒசத்தாத சசி. இது என் தம்பி வூடு. நான் அலையாம யாரு அலைவா?"

"உங்க தம்பி செத்துட்டார் மாமா. நீங்கதான கொள்ளி வெச்சீங்க? இது என் வூடு. நானும் அவரும் ராவும் பகலும் ஓவர்டைம் பாத்துக் கட்டின வூடு. நான் இங்க நின்னா ஆவாதுன்னு சொல்றவனுக்கு இந்த வூடு கெடையாது. உங்க செருப்ப எடுத்துனு போங்க."

அவர் முகம் கறுத்துவிட்டது. கொடியில் கிடந்த சட்டைகளை உருவிக்கொண்டு போனார். இரண்டு கிளிப் தெறித்து விழுந்தது.

தாம்பரத்து அம்மாவுக்கு நானே போன் செய்தேன். நம்பர் புரோக்கரிடம் வாங்கினது, எதற்கென்று சொல்லவில்லை. "நீங்க பாத்த வூடு என்னோடது. அங்க இருந்தவங்க என் ஓரகத்தி. என் வூட்டுக்காரர் உயிரோட இல்ல." அப்புறம் "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று வைத்துவிட்டார்.

அவர் சொன்னதும் நியாயம்தான். அதற்காகவும் எனக்கு மாமா மேல்தான் கோபம் வந்தது.

ஏப்ரல் 30, புதன்

கனிஷ்கா என்னோடு பேசவில்லை. இரண்டு நாளாச்சு.

மே 1, வியாழன்

லீவு. படத்தை எடுத்துத் துடைத்து, புதுச் சந்தன நிறச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். சுத்தியல் சத்தம் கேட்டு கனிஷ்கா அறையிலிருந்து வந்தாள். "கோணையா இருக்கும்மா" என்றாள். அவளே சரி செய்தாள்.

புரோக்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "இப்டி கோவப்பட்டா வூடு எப்டி மேடம் போவும்?" என்றார். போகிறபோது போகட்டும். கேட்டில் போர்டு கட்டினேன். வீடு விற்பனைக்கு, என் பெயர், என் நம்பர்.

மே 11, ஞாயிறு

மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தர் கேட்டிலிருந்தே ஹாலை எட்டிப் பார்த்து, படத்தைக் கண்டதும் "அப்பறமா வரோம்" என்று வண்டியைத் திருப்பினார். "வராதீங்க" என்று கத்தினேன். தெருவே பார்த்தது. பார்க்கட்டும்.

மே 17, சனி

ராஜாமணி அக்கா தனியாக வந்தார், குத்துவிளக்கை எடுத்துப் போக. நான் முகம் கொடுக்கவில்லை. விளக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.

"கனிஷ்காவ பொய் சொல்லச் சொன்னது சத்தியமா எனக்குத் தெரியாது சசி."

"அன்னிக்கு என் வாசல்ல நின்னு சிரிச்சீங்களே, அது?"

நான் கேட்டே இருக்கக் கூடாது என்பதுபோல் பார்த்தார். பிறகு சொன்னார், "நான் கட்டினு வந்து இருவத்திரெண்டு வருசமாவுது. இன்னி வரிக்கும் நான் இருக்கறது அத்தை வூடு, அவர் வூடு. ஒரு பாத்திரத்த எடம் மாத்தி வெச்சாக்கூட கேள்வி. இங்க காபி போடறப்போ ஒருத்தரும் பின்னால வந்து நிக்கல. அதான் சிரிச்சுட்டேன். உன் வவுத்தெரிச்சல கொட்டிக்கணும்னு இல்ல."

எனக்கு இரக்கம் வந்தது. கோபமும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? காபி கொடுத்தேன். நானும் பின்னால் நிற்கவில்லை.

மே 25, ஞாயிறு

நாங்குநேரிப் பக்கத்து ஆட்கள். இசக்கியப்பன் ஒரகடத்தில் கார் கம்பெனி பெயின்ட் ஷாப்பில் இருக்கிறார், அவர் மனைவி அன்னக்கிளி. படம் மாட்டியிருக்கிறது, மஞ்சள் பல்பைக் கழற்றிவிட்டேன், நான் நைட்டியில் இருந்தேன். வேண்டுமென்றேதான்.

அன்னக்கிளி நேராகப் போய் எல்லாக் குழாயையும் திறந்தாள். கோடையில் தண்ணீர் எப்படி என்றாள். பரணில் ஏறிப் பார்த்தாள். மாடிப்படி மூலையில் மழைக்கு ஒழுகும் என்று நானே காட்டினேன். கீழே இறங்கி வந்து படத்தின் முன் நின்றாள்.

"இது அண்ணனாக்கும்? அவியளுக்கு என்னாச்சு?"

சொன்னேன். "எங்க அப்பாவும் ரோட்டுலதான் போனாவ" என்றாள். வேறு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.

கனிஷ்கா உள்ளறையிலிருந்து வந்தாள். "ஒயரிங் எல்லாம் அப்பாவே பண்ணாரு அக்கா. அவர் இருந்தவரைக்கும் எலக்ட்ரீஷியனே வந்ததில்ல. இப்போ அந்த ஒரு ஸ்விட்ச் மட்டும் லூஸ்."

இருந்தவரைக்கும் என்று சொன்னாள். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

அதன் பிறகு அன்னக்கிளி விலை பேச ஆரம்பித்தாள். அப்பா, என்ன பேச்சு! ஒழுகல், ஸ்விட்ச், மேடை தாழ்வு என்று நான் சொன்னதை வைத்தே என்னை அடித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. வெறும் வியாபார எரிச்சல். எத்தனை நாளாயிற்று இப்படி ஒரு சாதாரண எரிச்சல் வந்து!

ஜூன் 19, வியாழன்

அன்னக்கிளி பேருக்குப் பத்திரம் முடிந்தது. மாமா வரவில்லை. சாட்சிக் கையெழுத்துக்கு முனியம்மாள் அக்காவின் மகன் வந்தான்.

ஜூலை 6, ஞாயிறு

மறைமலை நகர் வந்து இரண்டு வாரம். சொந்தமாக ஒன்று அமையும்வரை இந்த வாடகை வீடு. பின்னால் ரயில் சத்தம். கனிஷ்கா பள்ளிக்கு சைக்கிளில் போகிறாள்.

பதினொரு மணிக்கு ராஜாமணி அக்கா வந்தார். தோளில் ஒரு பை. மாமாவோடு சண்டை போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். சாப்பாடு போட்டேன். கை கழுவிவிட்டுக் கேட்டார், "உங்க கேன்டீன்ல ஆளு எடுக்கறாங்களாமே? கனிஷ்கா போன்ல சொன்னா."

நாளைக்கு சூப்பர்வைசரிடம் கேட்கிறேன் என்றேன்.

"பின்னாடி ஒத்த ரூம் பூட்டியே கீதே, அது வாடகைக்கா?"

வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டேன். சாவியோடு வந்து திறந்தார். சின்ன அறை, ஒரு ஜன்னல், மூலையில் சமையல் மேடை. அக்கா மேடையைக் கையால் தடவிப் பார்த்தார். தூசி.

"யார் யாரு இருக்கப் போறீங்க?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். அவரே சொல்லட்டும் என்று நான் ஜன்னலைத் திறக்கப் போனேன்.

"இப்போதைக்கு நான் மட்டுந்தான்" என்றார்.