கண் திறக்காத டைனோசர்

என் ஆசை அண்ணனுக்கு,

நீ போன பிறகு யாரிடமும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்றைக்குக் கோபம் தாங்காமல் உனக்கே எழுதுகிறேன்.

புதுப்பட்டினம் பூங்காவில் நாம் கட்டிய டைனோசர் அப்படியே நிற்கிறது. நிஜ உயரத்துக்கு இப்படி ஒன்றை இந்தப் பக்கம் அதற்கு முன் யாரும் கட்டியதில்லை. கோபுரத்துக்குச் சுதைச் சிற்பம் செய்து பழகிய கை உன்னுடையது, யாளிக்கு வைக்கிற மாதிரியே இதற்கும் இரண்டு காது வைத்துவிட்டாய். வருகிற பிள்ளைகள் டைனோசருக்கு ஏது காது என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

கண்தான் பாக்கி. சாமி சிலை மாதிரி எல்லாம் முடிந்து கடைசியில்தான் கருவிழி எழுதுவேன் என்று இதற்கும் பிடிவாதம் பிடித்தாய். நெஞ்சு வலிக்கிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? வாய்வு என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தவன்தான், எழவே இல்லை. நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

நேற்று பூங்கா முதலாளி வந்தார். "இன்னாம்மா, கண்ணு மட்டும்தான பாக்கி கீது? செவப்பு பல்பு மாட்டி வுட்டா போச்சு" என்றார். நீ செய்த முகத்தில் பல்பா? நானே கண் திறக்கிறேன் என்றேன். அவர் சரி என்றுவிட்டார். குறுக்கே வந்தது உன் கூட்டாளி முருகேசன்.

"பொம்பள கண்ணு தெறந்தா ஆவாதும்மா. ஒங்க அண்ணாத்தயே ஒன்ன வெளிய அனுப்பிட்டுத்தான தெறப்பாரு?"

அவர் சொன்னது உண்மைதானே? கம்பி கட்டினது நான், கோழிவலை சுற்றினது நான், சிமெண்ட் குழைத்து விரலிடுக்கு வெந்துபோனது எனக்கு. கண் திறக்கும் நேரம் வந்தால் மட்டும், "நீ போய் டீ வாங்கினு வா" என்பாய். ஒவ்வொரு கோயிலிலும் போனேன். சாமிக்குத்தான் அந்தக் கட்டு என்றே வைத்துக்கொள், இந்தப் பெரிய பல்லிக்கு என்ன சாஸ்திரம்? இதற்கும் என்னை அனுப்பியிருப்பாயா? அதுகூடத் தெரியாமல் நான் என்ன செய்ய?

முருகேசனிடம் இன்று காலை சொல்லிவிட்டேன். "சாரத்த புடிக்கிறதுன்னா வந்து புடி அண்ணே. இல்லன்னா வூட்ல இரு." முணுமுணுத்துக்கொண்டே வருகிறேன் என்றார்.

நாளைக்கு நான் ஏறுகிறேன். இரண்டு கண்ணையும் என் கையால் திறந்துவிட்டுத்தான் இறங்குவேன், இது சத்தியம். கண் எழுதுகிற அந்தத் தூரிகையை நீ இருக்கும்போதே ஒரு தடவை என் கையில் கொடுத்திருக்கலாம். கொடுக்காமலே போய்விட்டாய். அதை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன், அண்ணா.

உன்கூடப் பிறந்தவள்,
செல்வி