சிவப்பு ஜன்னல், பச்சை ஜன்னல்

நாள் 61 | 09:10

‘தோணி’ நிலையம். எழுதுவது லிகோரி, இயக்குநர். சனியின் பனி நிலா ஒன்றைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு சுற்றுக்கு மூன்று மணி நேரம். மேலே நான் ஒருவன். கீழே பனிமேல் நிற்கும் குடிலில் செண்பகவல்லி, பனியைத் துளைத்து ஆராய்பவள், அவள் ஒருத்தி. எல்லாம் சீர்.

இதை யார் எடுத்துப் படிப்பீர்களோ தெரியாது. அதனால் வேலையைச் சொல்லிவிடுகிறேன். குடிலுக்கென்று தனி மூளை கிடையாது. அதன் ஹீட்டரும் காற்று விசிறியும் நான் இங்கே தட்டும் கட்டளைப்படி ஓடுகின்றன. என் திரையில் இரண்டு கட்டளை ஜன்னல்கள். ஒன்று அசல்: அதில் தட்டினால் கீழே நடக்கும். மற்றது பயிற்சி: குடிலின் நகல். அதில் தட்டினால் எண்கள் மட்டும் மாறும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. எதையும் முதலில் பயிற்சியில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அசலில் தட்ட வேண்டும் என்பது விதி.

இரண்டு ஜன்னலும் கறுப்பு. இரண்டிலும் வெள்ளை எழுத்து. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ரயில் மாதிரி நீளமாக அந்த ஜன்னலின் பெயர். இரண்டு மாதமாக இதையே பார்க்கிறேன். எழவு வீட்டில்கூட இதைவிடக் கலகலப்பு இருக்கும்.

நாள் 63 | 11:30

நிறம் மாற்றினேன். அசலுக்குச் சிவப்புப் பின்னணி, பயிற்சிக்குப் பச்சை. உருப்படியான யோசனைதானே? சிவப்பைக் கண்டால் கை தானாகத் தயங்கும். இதை முதலிலேயே செய்து அனுப்பாமல் பூமியில் என்ன கிழித்தார்களோ.

செண்பகத்திடம் ரேடியோவில் பெருமையடித்தேன். அவள் கோவில்பட்டிக்காரி, நான் தூத்துக்குடி. வாயைக் கொடுத்தால் மீள முடியாது.

“அண்ணாச்சி, அங்க உக்காந்து கோலமா போடுதீங்க? என் ஹீட்டர ஓட விடுங்க, அது போதும்.”

நாள் 64 | 15:00

இன்னும் கொஞ்சம் கைவேலை. எழுத்தை மாற்றினேன், மெல்லிய சாய்வெழுத்து. கர்சர் கட்டையாக மினுக்கியது, அதைக் கோடாக்கினேன். வரிக்கு முன்னால் நிற்கும் நீளப் பெயரைத் தூக்கிவிட்டு ‘சொல்லு’ என்று மட்டும் வரும்படி வைத்தேன். நிறம்தான் இருக்கிறதே, பெயர் எதற்கு?

நாள் 66 | 10:20

சிவப்பு கண்ணை அறுக்கிறது. குறைத்தேன். பிடிக்கவில்லை. கூட்டினேன். பிறகு இரண்டு ஜன்னலையும் அரைவாசி கண்ணாடியாக்கி, பின்னால் காமிராவில் தெரியும் சனியின் வளையம் தெரியும்படி செய்தேன். அழகு. எழுத்தும் வளையமும் ஒன்றோடொன்று கலந்து தெரிகின்றன, பழகிக்கொள்ளலாம்.

உட்கார முடியவில்லை. நடக்க இடமில்லை. சாப்பாடு பாதியில் எழுகிறேன், திரும்பி வந்து நிறத்தை மாற்றுகிறேன். வேலை என்று பார்த்தால் ஒரு நாளைக்கு நாலு கட்டளை. மீதி நேரம் இந்த உடம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நாள் 68 | 17:40

ஒவ்வொரு தடவையும் நிறம் போட்டுக்கொண்டிருக்க முடியாது. கணினி எழும்போதே தானாக வரும்படி எழுதிவிட்டேன்: முதலில் திறக்கும் ஜன்னலுக்குச் சிவப்பு, அடுத்ததற்குப் பச்சை. எப்போதும் அசல்தான் முதலில் திறக்கும்.

நிற்கிறதா என்று பார்க்க ஒருமுறை அணைத்து எழுப்பினேன். அப்போது நிலாவின் மறுபக்கம் இருந்தேன், குடிலின் சிக்னல் இல்லை. இருந்தும் இரண்டும் வந்தன. மேலே சிவப்பு, கீழே பச்சை. திருப்தி.

நாள் 69 | 08:20

விடிந்ததிலிருந்து கை பரபரக்கிறது. பச்சையில் ஒரு விளையாட்டு தொடங்கினேன். குடில் எவ்வளவு நேரத்தில் உறையும் என்று பார்ப்பது. முன்பும் செய்திருக்கிறேன், பயிற்சி ஜன்னல் இருப்பதே அதற்குத்தான். ஹீட்டர் நிறுத்து. விசிறி நிறுத்து. ‘ஆள் உள்ளே. உறுதியா?’ என்று கேட்டது. நகலும் அசல் மாதிரியே கேட்கும். ஆம் என்றேன். எண்கள் இறங்கத் தொடங்கின. ஓடட்டும்.

நாள் 69 | 10:15

செண்பகம் குளிர்கிறது என்கிறாள். சிவப்பைப் பார்த்தேன். இருபத்தொன்று டிகிரி, விசிறி ஓட்டம், எல்லாம் சீர். கோவில்பட்டி வெயிலில் காய்ந்த உடம்பு, இருபத்தொன்றே குளிராகத்தான் இருக்கும் என்று கிண்டல் செய்தேன். இருந்தாலும் சிவப்பில் ஹீட்டரை இரண்டு படி ஏற்றினேன். எண் ஏறியது.

நாள் 69 | 11:05

“அண்ணாச்சி, உங்க பொட்டியில இருவத்தொண்ணுன்னு போட்டா எனக்கென்ன? இங்கன மூச்சு விட்டா பொகையா வருது. ஹீட்டர்ல காத வச்சுக் கேட்டேன், சத்தமே இல்ல.”

சென்சார் கோளாறு உன் பக்கம்தான், கொஞ்சம் பொறு என்றேன். திரையில் இருபத்து மூன்று காட்டுகிறது, நான் எதை நம்புவது? மறுபக்கம் போகிறேன். பூமியைக் கேட்டிருக்கிறேன், பதில் வர மூன்று மணி நேரம் ஆகும்.

நாள் 69 | 13:55

குரல் குழறுகிறது. தலைவலி என்கிறாள். விண்வெளி உடுப்பை மாட்டிக்கொண்டு அதன் காற்றில் இருந்தாளாம்.

விதிப்படி முதலில் பச்சையில் சோதித்தேன்: ஹீட்டர் முழு வேகம், விசிறி முழு வேகம். வேலை செய்தது, எண்கள் ஏறின. அரை மணி நேரம் பார்த்தேன். பிறகு அதே கட்டளையைச் சிவப்பில் கொடுத்தேன். சோதனை முடிந்ததால் பச்சையை நிறுத்தி, காலையில் விட்ட விளையாட்டைத் தொடரவிட்டேன். பாதியில் விட மனசில்லை. இனி அவளுக்குச் சரியாகிவிடும்.

நாள் 69 | 16:10

மறுபக்கத்திலிருந்து வந்ததும் கூப்பிட்டேன்.

“மத்தியானம் ஒரு அரமணி நேரம் சூடு வந்துச்சு அண்ணாச்சி. நல்லா இருந்துச்சு. அப்புறம் பொசுக்குன்னு போயிட்டு.”

நாள் 69 | 16:14

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அரை மணி நேரம். பச்சையில்தான் அரை மணி நேரம்.

கணினியை எழுப்பியபோது நான் மறுபக்கம் இருந்தேன். சிக்னல் இல்லாததால் அசல் ஜன்னல் காத்து நின்றிருக்கிறது. பயிற்சி முந்தித் திறந்து சிவப்பை வாங்கிக்கொண்டது. அசல் பின்னால் வந்து பச்சையானது. பெயர் இருந்திருந்தால் ஒரு பார்வையில் தெரிந்திருக்கும். பெயரைத் தூக்கியவன் நான்.

காலையிலிருந்து அவளை உறையவைத்து விளையாடிக்கொண்டிருக்கிறேன். ஆண்டவரே. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

நாள் 69 | 16:31

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் கட்டளையைத் தட்டியிருக்க வேண்டும். நான் முதலில் வாயைத் திறந்தேன். ஜன்னல் மாறிப்போச்சு தாயி, ஹீட்டரை நிறுத்தினது நான்தான் என்று உளறிவிட்டேன். அவள் கேட்டாள், இப்போது போட்டுவிட்டீர்களா என்று. போடுகிறேன், பொறு என்றேன்.

“பொறு பொறுன்னு நீங்க சொல்லித்தான் இவ்வளவு நேரம் பொறுத்தேன். உடுப்புக் காத்தும் பாதி தீந்துட்டு. உங்க கை இனி என் வீட்டுக்குள்ள வேண்டாம் அண்ணாச்சி. வயர உருவுதேன்.”

உருவாதே என்று கத்தினேன். ஆன்டெனாவுக்குப் போகும் வயரை உருவினால் குடில் கடைசியாகக் கேட்ட கட்டளையிலேயே நின்றுவிடும். கடைசிக் கட்டளை ‘நிறுத்து’. தட்டிக்கொண்டேதான் கத்தினேன். பச்சையில், அந்தச் சாய்வெழுத்தில். பின்னால் வளையம் வெள்ளையாக ஓடுகிறது, தட்டியது எது, வளையம் எது என்று புலப்படவில்லை. ‘பிழை’ என்றது. திரும்பத் தட்டினேன். ‘பிழை’. மூன்றாம் தடவை சரியாகத் தட்டினேன்.

‘பெறுநர் இல்லை. மீண்டும் முயலவா?’

ரேடியோவும் அதே வயர்தான்.

நாள் 69 | 16:50

ஆம். ஆம். ஆம். ஆம்.

அவள் செய்ததில் தப்பில்லை. நானாக இருந்தால் காலையிலேயே உருவியிருப்பேன்.

செண்பகம், திரும்பச் செருகு. ஒரே ஒரு தடவை.

நாள் 69 | 17:25

மறுபக்கம். ஒன்றும் செய்ய முடியாத பக்கம். கண்ணாடியை எடுத்தேன், சாய்வெழுத்தை எடுத்தேன், கறுப்பும் வெள்ளையும் ஆக்கினேன், இரண்டுக்கும் பழைய பெயரைத் திரும்ப வைத்தேன். இப்போது எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. சுவரில் முட்டிக்கொண்டேன். நெற்றியில் ரத்தம். பூமியின் பதில் எப்போதோ வந்து கிடக்கிறது: ‘குடிலின் சென்சாரைச் சரிபார்க்கவும்.’

நாள் 69 | நேரம் பார்க்கவில்லை

இணைப்பு இருக்கிறது.

செருகியிருக்கிறாள். நான் மறுபக்கம் போயிருந்த நேரத்தில் செருகியிருக்கிறாள். வேறு வழியில்லாமல் என்னைத்தான் நம்பியிருக்கிறாள். அந்த நேரத்தில் மேலே யாருமில்லை.

எதற்கு வம்பென்று இரண்டு ஜன்னலிலும் ஒரே கட்டளை கொடுத்தேன். ஹீட்டர் ஓட்டம். விசிறி ஓட்டம். கூப்பிடுகிறேன். பதில் இல்லை. தூங்கியிருப்பாள். சூடு வந்தால் தூக்கம் வரும்.

அடுத்து

பதினெட்டு டிகிரி. காற்று சுத்தம். எல்லாம் நல்ல எண்கள்.

கரியமில வாயுவுக்கு ஒரு எண் உண்டு. பொடி எழுத்தில் குதித்துக்கொண்டே இருக்கும், கண்ணை உறுத்துகிறது என்று வந்த புதிதிலேயே மறைத்துவைத்தேன். இப்போது திரும்ப எடுத்துப் போட்டேன். ஆள் மூச்சு விட்டால் அது ஏறும், விசிறி இழுத்தால் இறங்கும், ஓரிடத்தில் நிற்காது. பயிற்சியில் மூச்சு விட ஆள் கிடையாது, அதனால் அங்கே அசையாமல் நிற்கும். எது அசல் என்று கண்டுபிடிக்க இது ஒன்றே போதும், நிறமே வேண்டியதில்லை.

பார்த்துக்கொண்டிருக்கும் ஜன்னலில் எண் நிற்கிறது. அப்படியானால் இது பயிற்சி. பெயரைத் திரும்ப வைத்தபோது அவசரத்தில் மாற்றி வைத்திருப்பேன். என் புத்தி தெரிந்ததுதானே. நான் பார்க்க வேண்டியது மற்ற ஜன்னல்.

மற்ற ஜன்னலைப் பார்க்கிறேன்.

உடுப்புக்குள் இருந்தால் மூச்சு வெளியே வராது. ஆனால் உடுப்பில் குடில் வழியாகப் பேசும் ரேடியோ உண்டு. கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். இந்த ஒரு தடவை எதையும் தொடமாட்டேன், நிறம், எழுத்து, எதையும். கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு பார்க்கிறேன்.

இரண்டிலும் எண் அசையவில்லை.