மயிலுக்கு ஒரே மூக்கு

ஆகஸ்ட் 4, திங்கள்

கேமரா வாங்கிவிட்டேன். சென்னையில், செகண்ட் ஹேண்ட், ஐம்பத்தெட்டாயிரம். கையில் பிடித்து ஒருமுறை அமுக்கினால் பதினாறு படம் எடுத்து, தானே சேர்த்து ஒரே பெரிய படமாகத் தருகிறது. ஸ்டாண்டே வேண்டாம்!

கோயம்புத்தூர் ரத்னாவதி அம்மா புதுக்கடை திறக்கிறார். சுவரில் பன்னிரண்டு அடிக்குப் புடவைப் படம் வேண்டுமாம். ஆரணியில் மூன்று வியாபாரிகளிடம் கேட்டிருக்கிறார், அதில் நானும் ஒருத்தி. யார் படத்தில் இழை இழையாகத் தெரிகிறதோ, அவரிடம்தான் தீபாவளிச் சரக்கு வாங்குவாராம். பையில் புடவை சுமந்து சேத்துப்பட்டு பஸ் ஏறியவள் நான். இவ்வளவு பெரிய கடை இதுவரை என்னைக் கூப்பிட்டதில்லை.

ஸ்டுடியோ பரசுராமன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இன்னாக்கா, உங்க கேமராவுல படம் புடிக்கிற சென்சாரு கைக்குட்ட. என்னுது போர்வ. நாலு மடங்கு பெருசு. ஒரே ஷாட்டு, முடிஞ்சிது."

"எடுடா. உன் படம், என் படம் ரெண்டையும் அனுப்புறேன். உன்னுது தேறினாத்தான் காசு."

ஆகஸ்ட் 6

புடவையைத் தொங்கவிட்டு எடுத்தேன். ஃபேன் காற்றில் லேசாக ஆடியிருக்கிறது, பதினாறு படமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. முந்தானை மயிலுக்கு இரண்டு மூக்கு.

ஆகஸ்ட் 7

ஏன் தொங்கவிட வேண்டும்? தறியிலேயே எடுத்தால் சுருக்கம் இல்லை, மடிப்பு இல்லை, முறுக்காக நிற்குமே! முள்ளிப்பட்டில் திலகவதி எனக்குத்தான் நெய்கிறாள். ஓடினேன். ஃபேனை நிறுத்தி, அவளைத் தறியிலிருந்து கையை எடுக்கச் சொல்லி, அமுக்கினேன்.

மூன்று மூக்கு.

தறிமேல் கை வைத்த பிறகுதான் புரிந்தது. நடுங்குகிறது. பக்கத்து வீட்டில் நாலு பவர்லூம், தரையே அதிர்கிறது.

"நிறுத்தச் சொன்னா இன்னா சொல்வாங்க?"

"கூலிய யாரு குடுப்பான்னுவாங்கக்கா," என்றாள் திலகவதி.

படம் அனுப்பக் கடைசி நாள் பதினாலு. ஐம்பத்தெட்டாயிரம் போச்சா? போனா போவுது, சரக்கு போச்சே—

ஆகஸ்ட் 9

பேப்பரில், மூலையில், நாலே வரி. பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பது முதல், பராமரிப்புப் பணிக்காக முள்ளிப்பட்டில் மின்தடை!! பவர்கட்டுக்குக் குதித்தவள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்திதான்.

ஆகஸ்ட் 12

ஒன்பது அடித்தது, பவர்லூமெல்லாம் கப்சிப். தெருவெல்லாம் "பேஜாருடா இந்தக் கரண்டோட" என்று திட்டிக்கொண்டிருக்க, நான் "ஜல்தி, ஜல்தி" என்று திலகவதியை விரட்டுகிறேன். வாசல் வெளிச்சம் போதும். மூச்சை அடக்கி அமுக்கினேன்.

ஒரே மூக்கு! ஜரிகை இழையை எண்ணலாம்.

பொய் சொல்ல மாட்டேன், கூட வந்த பரசுராமன் எடுத்த மயில் படத்தில் அரக்கு நிறம் இன்னும் ஆழம். ஆனால் பெரிதாக்கினால் பட்டு முழுக்க வானவில் கோடு. நெசவு அவ்வளவு நெருக்கம். ஒரே ஷாட்டில் சென்சார் குழம்பிவிடுமாம். என்னுடையது பதினாறு படத்தையும் இம்மி இம்மியாக இடம் மாற்றி எடுப்பதால் குழம்பவில்லை.

"அந்தக் கோட்ட சாஃப்ட்வேர்ல எடுத்துடலாம்க்கா," என்றான்.

"எடு. கூடவே கலரும் போவும்."

கடுப்பில் திரும்பி, திலகவதி ஊடை நூல் ஓட்டும் நாடாவை எறிவதைச் சட்டென்று எடுத்தான். அப்பா! நாடா நடுவழியில் நிற்கிறது, விரல் ரேகை தெரிகிறது. நானும் எடுத்தேன். எட்டுக்கை அம்மன் வந்தாள்.

என் மயிலையும் அவன் எடுத்த கையையும் அனுப்பிவிட்டேன். வியாபாரத்தில் என்ன ரோஷம்?

ஆகஸ்ட் 14

போன் வரவில்லை. சார்ஜ் இருக்கிறதா என்று பத்து முறை எடுத்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

"பெரிய சுவத்துக்கு உங்க மயிலுங்க. வாசலுக்கு அந்தக் கைங்க," என்றார் ரத்னாவதி அம்மா.

முப்பது புடவை. ஒன்று பதினான்காயிரத்து ஐந்நூறு. பாதி முன்பணம், விற்காதது திரும்ப வராது. பரசுராமனுக்குப் படத்துக்கு மூவாயிரம். இனி அசைவதெல்லாம் அவன், அசையாததெல்லாம் நான். "கை என்னுதுதானேக்கா?" என்று கேட்டாள் திலகவதி. அவளுக்கும் மூவாயிரம்.