விமானத்துக்குப் பன்னிரண்டு பொட்டலம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி வாண்டும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், எனக்கு அது போதும். இங்கே நான் நலம். உன் அப்பாவும் நலம் என்று வழக்கம்போல ஒரு வரியில் எழுதிவிட்டு மேலே போக முடியவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் அவர்தான் பாய்ந்துபோய் எடுக்கிறார், தப்பித்தவறி ரிசீவர் என் கைக்கு வந்தாலும் தோளோடு தோளாக நின்று காதைக் கொடுக்கிறார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றி என்னத்தைப் பேசுவது. அதனால் மூக்குக்கண்ணாடியில் ஸ்க்ரூ கழன்றுவிட்டது, சரிசெய்துகொண்டு வருகிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, முப்பது வருஷம் நான் வேலை பார்த்த பார்சல் ஆபீஸுக்கு வந்து, பின்கட்டில் கயிறும் அரக்கும் வைக்கிற மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்து எடை போடுகிற பெண், தராசு என்று நாங்கள் கேலியாகக் கூப்பிடுவோமே அவள்தான், ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, 'நிதானமா எழுதுங்கக்கா, அவசரத் தபால் பை அஞ்சு மணிக்குத்தான் கட்டுவோம்' என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா உன்னிடம், 'பால் பவுடர் டப்பாவையெல்லாம் தூக்கிக்கிட்டு அலையாதம்மா, கொழந்தைக்கு வேண்டியதை நான் பாத்துக்கறேன்' என்று சொன்னாரே, நீயும் சிரித்துக்கொண்டே, 'நீங்க இருக்கும்போது எனக்கென்னப்பா கவலை' என்றாயே, அதைப் பக்கத்தில் நின்று கேட்டபோதே இந்தக் கடிதத்தை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் பேச்சைக் கேட்காதே. முப்பத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஊருக்கே மருந்து கலந்து கொடுத்த மனுஷன் பேச்சைக் கேட்காதே என்று அவர் பெண்டாட்டியே எழுதுகிறேன், நீயே யோசித்துக்கொள். இங்கே தங்கப் போகிற மூன்று வாரத்துக்கும் வேண்டிய பால் பவுடரை நீயே கொண்டு வா. நம் வீட்டில் அவர் கையால் எடுத்து வைத்த எதுவும் குழந்தையின் வாய்க்குள் போகக் கூடாது. கோபப்படாமல் முழுக்கப் படி, காரணம் சொல்கிறேன், அதற்கு முன்னால் எப்படிக் கட்டுவது என்பதைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

ஆறு டப்பா வாங்கு. பெரிய பெட்டி இரண்டிலும் இரண்டிரண்டாகப் பிரித்துத் துணிக்கு நடுவில் வை, ஒரு பெட்டி வழிதவறிப் போனாலும் இன்னொன்று வந்து சேரும். மூடியின் சீல் உடையக் கூடாது. மிச்சம் இரண்டு டப்பா உன் கைப்பையில், ஒன்று திறந்தது, ஒன்று திறக்காதது. இரண்டு விமானம், நடுவில் ஆறு மணி நேரக் காத்திருப்பு, எல்லாம் சேர்த்துப் பதினெட்டு மணி நேரம் என்றாய். மூன்று மணிக்கு ஒரு வேளை என்றால் ஆறு வேளை, நீ பன்னிரண்டு வேளைக்கு எடுத்துக்கொள். விமானம் சொன்ன நேரத்துக்குக் கிளம்பும் என்று நம்புகிறவள் பார்சல் ஆபீஸ்காரி பெற்ற பெண்ணாக இருக்க முடியாது. பாட்டில்களைக் கொதிக்கவைத்து, ஈரம் போக உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போடு. காய்ச்சி ஆறின தண்ணீர் ஒரு ஃபிளாஸ்க்கில் இருக்கட்டும், விமான நிலையச் சோதனை அதிகாரி குடித்துக் காட்டு என்றால் முறைக்காமல் குடித்துக் காட்டு. முன்கூட்டியே பால் கலந்து வைக்காதே, கலந்த பால் ஒரு மணி நேரம் தாண்டினால் யோசிக்காமல் கொட்டு. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பாட்டில் வாயில் இருந்தால் காது அடைக்காது. மசித்த கேரட்டும் ஆப்பிளும் சின்னச் சின்ன பாட்டிலாகக் கடையிலேயே கிடைக்குமாமே, அதில் நாலு, முழு வாழைப்பழம் இரண்டு, உரிப்பதை அங்கே போய் உரித்துக்கொள்ளலாம். டாக்டரிடம் குழந்தையின் வயசும் அது குடிக்கிற பாலும் எழுதின ஒரு சீட்டு வாங்கிக்கொள். முக்கியமாக, பவுடரை உன் அப்பா பாணியில் காகிதத்தில் பொட்டலம் மடித்து எடுத்துவராதே, பேரில்லாத வெள்ளைப் பொடியைக் கண்டால் எந்த அதிகாரியும் சும்மா விடமாட்டான். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள், உன் மடியில் குழந்தையே இருக்கிறது.

இனிக் காரணம். நம் வீட்டில் எந்தச் சாமானும் வாங்கி வந்த டப்பாவில் இருந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். உப்பிலிருந்து சோப்புத்தூள் வரை எல்லாவற்றையும் ஒரே அளவுக் கண்ணாடி பாட்டிலில் மாற்றி, அச்சடித்தது போன்ற கையெழுத்தில் சீட்டு ஒட்டினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். 'மூடியத் தொறந்து மோந்து பாக்கறவங்கல்லாம் படிக்கத் தெரியாதவங்க' என்று என்னைக் கிண்டல் செய்வார். நானும் கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கையெழுத்தை நம்பியே சமைத்தேன். போன வருஷம் சர்க்கரை என்று எழுதின பாட்டிலில் உப்பு இருந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த மாதம் மாவு என்று எழுதினதை எடுத்துப் பிசைந்தேன், கையெல்லாம் நுரை. மாவு கெட்டுப்போச்சு என்று சொல்லிக் கொட்டிவிட்டேன். அதற்கப்புறம் நான் தினமும் அவர் குளிக்கப் போகிற நேரத்தில் ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து, மோந்து, நாக்கில் வைத்துப் பார்த்து, தப்பாக இருந்தால் சீட்டைக் கிழித்துவிட்டுப் புதுசு ஒட்டினேன். அவர் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று அவர் கையெழுத்து மாதிரியே எழுதக் கற்றுக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, ஒரு வருஷமாக அதுதான் என் வேலை. உன்னிடமும் மறைத்தேன், அதற்கு என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

வாண்டு வரப் போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து மனுஷனுக்குக் கால் தரையில் இல்லை. ஒரு டப்பா பால் பவுடர் வாங்கி வந்து, வழக்கம்போல பாட்டிலில் மாற்றி, தினம் காலையில் ஒரு வேளைப் பால் கலந்து பழகினார். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்ப்பார், 'பாத்தியா, ஒரு கட்டி இல்ல' என்று என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டுவார். நீ பிறந்தபோதுகூட அவர் இப்படிச் சின்னப் பிள்ளை மாதிரி இருந்ததில்லை. போன மாதம் ஒரு நாள் அலமாரியைத் திறந்தால் 'பேத்தி, பால்' என்று எழுதின பாட்டில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. ஒன்றில் பால் பவுடர். இன்னொன்றில் கரப்பான் பூச்சிக்கு வைக்கிற போரிக் பவுடர். அதுவும் வெள்ளை, வாசனையும் கிடையாது, சிங்க் அடியில் வைக்க நான்தான் வாங்கி வரச் சொன்னேன். இரண்டையும் குழாயடியில் கொட்டிக் கழுவிவிட்டு, எறும்பு வந்துவிட்டது என்றேன். 'எறும்பா? நான் எதாச்சும் மாத்தி வச்சிட்டேனா?' என்று கேட்டார். இல்லீங்க என்றேன். அன்றைக்கே சொல்லி டாக்டரிடம் கூட்டிப் போயிருக்க வேண்டும். அந்த டாக்டரும் இவர் கூட வேலை பார்த்தவர், அவர் முன்னால் இவர் தலைகுனிந்து உட்காருவதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீ வந்தபிறகு உன்னையே சொல்லவைக்கலாம், நீ சொன்னால் கேட்பார் என்று தள்ளிப்போட்டேன். பூனைக்கு மணி கட்டுகிற வேலையைக் கைக்குழந்தையோடு வருகிறவள் தலையில் கட்டப் பார்த்தேன்.

இவ்வளவு எழுதிக்கொண்டிருந்தபோது தராசு ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு வந்தாள். 'அக்கா, திங்கக்கிழம சார் கொண்டாந்த பார்சல் இது. உள்ள என்ன இருக்குன்னு கஸ்டம்ஸ் ஃபாரத்துல எழுதாம விட்டுட்டாரு, அதான் அனுப்பாம வச்சிருக்கேன், நீங்களே எழுதிக் குடுத்துடுங்களேன்' என்றாள். உன் பெயர், உன் விலாசம், அவருடைய கையெழுத்து. பார்சல் போட்டதாக என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கயிற்றை அறுத்துத் திறந்தேன். உள்ளே பன்னிரண்டு காகிதப் பொட்டலம், அந்தக் காலத்தில் வரிசையில் நிற்கிற நோயாளிகளுக்கு மடித்துக் கொடுப்பாரே, அதே மடிப்பு, ஒரு துளி பொடி வெளியே சிந்தவில்லை. ஒவ்வொன்றின் மேலும் 'விமானத்தில், வேளைக்கு ஒன்று, ஆறு அவுன்ஸ் வெந்நீரில்' என்று எழுதி ஓரத்தில் ஒரு எண். நான் பாட்டிலைக் கொட்டுவதற்கு முன்னால் மடித்ததா பின்னால் மடித்ததா, தெரியாது. எதிர்க் கடையிலிருந்து பன்னிரண்டு டீ கிளாஸும் வெந்நீரும் வரவழைத்து, தராசைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கலக்கினேன். முதலாவது பால். இரண்டாவது பால். ஒன்பது கிளாஸும் வெள்ளை வெளேரென்று நல்ல பால், கட்டிகூட இல்லை, என் புருஷனைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. பத்தாவது வெள்ளையாக மாறவில்லை. பொடி பாதிக்கு மேல் அடியில் போய் உட்கார்ந்தது, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. பதினொன்றும் பன்னிரண்டும் மறுபடி பால். தராசு 'ஐயோ அக்கா' என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பன்னிரண்டில் ஒன்று. மற்ற பதினொன்றும் சரியாக இருந்ததால்தான் நான் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பார்சல் போகாமல் கையில் சிக்கியதே என்று நிம்மதியாக மூச்சுவிட்டுக் கடிதத்தை முடிக்க உட்கார்ந்தேன். காலிப் பெட்டியை மடக்கப் போனால் அடியில் உனக்கு ஒரு துண்டுச் சீட்டு. 'அம்மாடி, மீதிப் பன்னிரண்டு இதோ. முதலில் அனுப்பினதில் இரண்டு மூன்றை இப்பவே கொடுத்துப் பழக்கு, விமானத்தில் புதுசாகக் கொடுத்தால் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும்' என்று எழுதியிருக்கிறார். பிரித்துப் போட்ட காகிதங்களை எடுத்துப் பார்த்தேன். எண் பதின்மூன்றில் ஆரம்பித்து இருபத்துநாலில் முடிகிறது. தராசு ஓடிப்போய் ரிஜிஸ்டரைப் புரட்டினாள். முதல் பார்சல் போய் இன்றோடு பதினாறு நாள். அன்றைக்கு இவள் லீவு, வேறு யாரோ வாங்கிப் போட்டிருக்கிறார்கள். நேற்றோ இன்றோ அது உன் வீட்டு வாசலுக்கு வந்திருக்கும்.

மேலே எழுதினதையெல்லாம் திருத்த நேரமில்லை, பை கட்ட இன்னும் பத்து நிமிஷம்தான். இந்த ஆபீஸ் போனில் வெளிநாட்டுக்குப் பேசக் கூடாது என்று சட்டம், அதையும் மீறி மூன்று தரம் கூப்பிட்டுவிட்டேன், மணி போகிறது, எடுக்க ஆளில்லை. நீ வேலையில் இருப்பாய், குழந்தை அதைப் பார்த்துக்கொள்கிற அம்மாவிடம் இருக்கும். அந்த அம்மாவிடமும் சொல்லிவிடு. பொட்டலம் எதையும் திறக்காதே, ஒன்றைக் கலக்கிப் பார்த்து அது பால் என்றால் மற்றதும் பால் என்று நினைத்துவிடாதே. ஒன்றே ஒன்று கொடுத்திருந்தாலும் வாந்தி எடுக்கட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்காதே, அந்தக் காகிதத்தோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு, போரிக் பவுடராக இருக்கலாம் என்று பெயரைச் சொல்லு. நான் இப்போது வீட்டுக்கு ஓடுகிறேன். மாப்பிள்ளையின் ஆபீஸ் நம்பர் உன் அப்பாவின் சட்டைப்பை நோட்டில்தான் இருக்கிறது, வேறு எங்கேயும் இல்லை. எதுக்கு என்று கேட்பார். எறும்பு என்று சொல்ல மாட்டேன். நீங்க மடிச்ச பொட்டலத்துக்காக என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லப் போகிறேன், அதற்கப்புறம் அந்த முகத்தோடு எப்படி வாழப் போகிறேன் என்று தெரியவில்லை, அதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். அவர் அந்த நம்பரையாவது சரியாக எழுதி வைத்திருக்க வேண்டும்.

வாண்டு நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்கட்டும், உங்கள் இரண்டு பேருக்கும் என் ஆசீர்வாதம். இது கையில் கிடைத்த உடனே, எந்த நேரமானாலும், வீட்டுக்கு போன் செய். இனிமேல் நான்தான் எடுப்பேன்.

உன் அம்மா