படத்தின் ஓரத்தில் இருந்த கை

சரகோசா,
அக்டோபர் 4

அன்பு மகள் அமாயாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் பெரிய குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மெல்பர்னில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். ஒரு வாரமாகக் காற்று ஜன்னலைப் போட்டு அறைகிறது, திருவிழாவுக்குக் கட்டிய தோரணத்தில் பாதி ஆற்றில் கிடக்கிறது. அம்மாவின் முழங்காலுக்காக வாரம் இரண்டு முறை மருத்துவமனைக்குப் போகிறோம், போன வாரம் ஒரு நாள் அவள் மட்டும் போனாள். அங்கே புதிதாக வைத்த லிஃப்ட் நம் கம்பெனியுடையது, கதவு நீ செய்தது. மெதுவாக நடந்து வருகிறவர்களைக் கண்டால் மூடாமல் காத்திருக்கிறதே, அதேதான். அம்மா தடியை ஊன்றி ஊன்றிப் போய்ச் சேரும் வரை நின்றது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, உள்ளே இருந்தவர்களிடம் "இது எம்பொண்ணு செஞ்ச கதவு" என்றாளாம். அதில் ஒருவர், "கம்பெனியோட இணையப் பக்கத்துல நானும் பாத்திருக்கேன், அதுல வேற மூணு பேரு பேருல்ல போட்டிருந்துச்சு" என்றாராம். வீட்டுக்கு வந்தவள் இதை என்னிடம் சொல்லிவிட்டுக் கீரைத்தண்டை உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

எட்டு வருடமாக இந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுகிறவன் நான், இன்று எழுதிவிடுகிறேன். கம்பெனியின் விளம்பரப் பிரிவில் என் வேலை உனக்குத் தெரியும். கட்டடத்தையும் இயந்திரத்தையும் யாருக்கும் காட்டிவிடலாம், கையில் பிடிக்க முடியாத சொத்தை எப்படிக் காட்டுவது, ஆட்களின் அறிவு, காப்புரிமை, கம்பெனியின் நல்ல பெயர், இதையெல்லாம் ஆண்டறிக்கையில் போட்டால் ஒருவரும் படிப்பதில்லை என்று, திங்கட்கிழமைதோறும் சமூக ஊடகத்தில் போடச் சொன்னார்கள். பெரிய கம்பெனிகள் எல்லாம் போட்டன, நாமும் போட்டோம். உங்கள் கதவுக்காக நான் எடுத்த படத்தில் நால்வர் நின்றீர்கள். எண்ணம் உன்னுடையது, மற்ற மூவரும் கூட உழைத்தவர்கள். உன் பெயரைப் போட்டால் "அப்பன் மகளைத் தூக்கிவிடுறான் பாரு" என்று கேண்டீனில் பேசுவார்களே என்று பயந்து, படத்தை ஓரத்தில் வெட்டிவிட்டு மூவர் பெயரைப் போட்டேன். கதவைப் பிடித்திருந்த உன் கை மட்டும் தங்கிவிட்டது. எங்கள் பக்கத்திலேயே அதிகம் பேர் பார்த்த படம் அதுதான். அந்த மூவரும் மேலே போனார்கள். காப்புரிமைத் தாளில் உன் பெயர் இருக்கிறது, அதை யார் புரட்டிப் பார்க்கிறார்கள். ஒன்றரை வருடம் பொறுத்துவிட்டு நீ கிளம்பினாய். விமான நிலையத்தில் "பரவால்லப்பா, கையாவது இருக்கே" என்று சிரித்தாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமையோடு எனக்கு ஓய்வு. கம்பெனிக்கு அறுபது வயதாகிறது, அதற்கு அதே படத்தை மறுபடி போடச் சொன்னாள் என் மேலாளர் மரிசோல். முழுப் படத்தையும் நாலு பெயரையும் போடலாம் என்றேன். "அவ இப்ப இங்க இல்லியே ஃபெர்மின். வெளிய போனவங்க நம்ம சொத்துல சேத்தி இல்ல" என்றாள். கெட்டவள் இல்லை, அவளுக்கு இந்த வேலையைப் பழக்கிவிட்டதே நான்தான். வெட்டிய படமே நேற்று ஏறியது. அதன் கீழே என் சொந்தப் பெயரில் எழுதினேன், அந்தக் கை அமாயாவுடையது, கதவு அவள் எண்ணம், வெட்டியவன் அவள் அப்பன் என்று. இருபது நிமிடத்தில் நீக்கிவிட்டார்கள். பதினோரு வருடம் மற்றவர்கள் எழுதியதை நானும் அப்படித்தான் நீக்கினேன், ஒரு அழுத்துதான். அம்மாவிடம் சொன்னதற்கு, "எட்டு வருஷம் கழிச்சு இருபது நிமிஷமா" என்றாள், தடியை எடுத்துக்கொண்டு எழும்போது "இத அவகிட்ட சொல்லு, எங்கிட்ட எதுக்கு" என்றாள்.

முழுப் படத்தை அச்சுப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். பின்பக்கத்தில் நால்வர் பெயரும் இருக்கிறது, முதல் பெயர் உன்னுடையது. அன்றைக்கு எங்கே வெட்டுவது என்பதிலேயே கண்ணாக இருந்தேன், உன் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போதுதான் பார்த்தேன். மற்ற மூவரும் கேமராவைப் பார்க்கிறார்கள். நீ அதற்கு மேலே, படம் எடுத்த என்னைப் பார்த்துச் சிரிக்கிறாய்.

நீ தொடுகிற காரியம் எல்லாம் உன் பெயரோடு நிலைத்திருக்கட்டும் அம்மா. அங்கே வெயில் ஏறும் மாதம், தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்ய மறக்காதே. என்னிடம் பேசியாக வேண்டும் என்று இல்லை, நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அப்பா,
ஃபெர்மின்